வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில்

நான் வருகிறேன் என்று தெரிந்தால் பெயிண்ட் அடித்து வைத்துவிடுவார்கள். என் வேலையில் இதைவிடப் பெரிய தொல்லை எனக்கு வாய்த்ததில்லை. வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டு வைப்பார்கள். அதெல்லாம் மரியாதை, சரி. ஆனால் நான் எந்த இரும்பைச் சோதிக்க வருகிறேனோ அந்த இரும்பின் மேலேயே இரண்டு கோட்டு வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்துவிட்டு, "எப்டி சார், பளபளன்னு இருக்குதா?" என்று பல்லைக் காட்டினால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? அழுவதா, அடிப்பதா?

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து காட்பாடி போகும் சாலையில் ஒரு பட்டறையில் இருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து டேனரிகளுக்கு வேண்டிய ஷாஃப்ட், பல்சக்கரம், பேரிங் எல்லாம் அங்கே செய்வோம். தோல் பதனிடுகிற டிரம் என்றால் ஏதோ தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் என்று நினைத்துவிடக் கூடாது. மரத்தால் ஆனது. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டு மூடி, நாள் முழுக்கச் சுற்ற விடுவார்கள். அத்தனை பாரத்தையும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டுகள்தான் தாங்கும். ஷாஃப்ட் என்று சொல்வது அதைத்தான். ஒரு ஷாஃப்ட் முறிந்தால் போதும், டிரம் அப்படியே அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு இடத்தில் அப்படி நடந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் பக்கத்தில் யாரும் இல்லை. சுவர் மட்டும் போயிற்று.

அதற்குப் பிறகு டேனரிக்காரர்களுக்கெல்லாம் பயம் வந்துவிட்டது. எங்கள் பட்டறை முதலாளிக்கு யோசனை வந்துவிட்டது. மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய கருவியை வாங்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். ஆர்மோனியப் பெட்டி அளவு இருக்கும். முன்பக்கம் முள் ஆடும் ஒரு மீட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ்கள், வயர் நுனியில் பேனா பருமனில் ஒரு புரோப். எடி கரண்ட் டெஸ்ட் என்றார். "நீதான் டிப்ளமோ படிச்சவன். உனக்குத் தெரியாததா?" என்றார். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கூட வந்த புத்தகத்தைப் படித்துப் படித்து, பட்டறையில் கிடந்த உடைந்த ஷாஃப்ட்களின் மேல் தேய்த்துத் தேய்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். புரோப்பின் நுனியில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாயும்போது, தொட்ட இரும்பின் மேல்தோலிலும் சின்ன வட்டங்களாக மின்சாரம் சுழலும். வெடிப்பு இருந்தால் அந்தச் சுழல் நேராகப் போக முடியாமல் சுற்றி வளைத்துக்கொண்டு போகும். அந்தத் தடுமாற்றத்தை முள் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத மயிரிழை வெடிப்பையும் விடாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, பாருங்கள்! நானும் இதைக் கேட்டுத்தான் குதித்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, இந்த முள் எதற்குத்தான் ஆடாது என்று. புரோப்பைக் கொஞ்சம் சாய்த்தால் ஆடும். இரும்புக்கும் அதற்கும் நடுவே கிரீஸோ துருவோ பெயிண்டோ இருந்தால் ஆடும். ஷாஃப்ட் சட்டென்று பெருத்து டிரம்மோடு சேருகிற இடத்தைத் தோள் என்போம். அந்தத் தோளின் ஓரத்துக்குப் போனால், வெடிப்பே இல்லாவிட்டாலும் ஆடும். கொடுமை என்னவென்றால் ஷாஃப்ட் வெடிப்பதும் அந்த ஓரத்தில்தான்.

இதையெல்லாம் எந்த டேனரியில் யாரிடம் சொல்ல? டிரம்மை நிறுத்து என்றால் "தோல் உள்ள இருக்குது சார், நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனால் வேறு தோல் உள்ளே இருக்கும். நிறுத்தினாலோ, நான் பெட்டியைத் திறப்பதற்குள் "ஆச்சா சார், ஆச்சா சார்" என்று உயிரை எடுப்பார்கள். சுண்ணாம்பு நாற்றத்திலும் பச்சைத்தோல் நாற்றத்திலும் குனிந்துகொண்டு, முதுகு ஒடிய, ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறவனைப் பார்த்தால் ஜோசியக்காரன் மாதிரி இருக்குமோ என்னவோ, கூட்டம் கூடிவிடும். அவனவன் என் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்து, "இப்போ இன்னா சொல்லுது?" என்பான்.

இந்த லட்சணத்தில், ஒரு நாள் என் மச்சான் வேலை செய்கிற டேனரிக்கே போகும்படி ஆயிற்று.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஆம்பூரில் ஒரு பெரிய டேனரியில் டிரம் ஆளாகச் சேர்ந்து, அப்போதுதான் மேஸ்திரி ஆகியிருந்தான். நல்லவன். வாய் மட்டும் நீளம். டிரம்மின் வலது பக்க பேரிங்கை ஒட்டி ஒரு மரத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பான். அதுதான் அவன் சிம்மாசனம். கிரீஸ் வைப்பது, ஆட்களை விரட்டுவது, சோறு தின்பது, தின்றபின் கண்ணை மூடுவது எல்லாம் அதன் மேல்தான். "டிரம் சுத்துற சத்தம் கேக்கலன்னா எனக்குத் தூக்கமே வராது மாமா" என்பான். மத்தியான வெயிலில் அந்தக் கொட்டகையில் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான் என்பதும் உண்மை.

நான் பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது அந்த டிரம்மின் இரண்டு ஷாஃப்ட்டும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின.

"இன்னாடா இது?"

"பெயிண்ட்டு மாமா. ஆயுத பூஜைக்கு அடிக்கலாம்னு வாங்கி வச்சிருந்தோம். நீங்க வர்றீங்கன்னு முதலாளி சொன்னாரு. அதான் முன்னாடியே அடிச்சிட்டோம். ரெண்டு கோட்டு."

"அடப்பாவி! யாருடா உன்ன அடிக்கச் சொன்னது?"

அவன் முகம் சுருங்கியது. அவனுடைய ஆட்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கையிலும் வெள்ளிக் கறை. ஒருவன் மூக்கிலும் இருந்தது. "எங்க மேஸ்திரியோட மாமா ஆபீசரா வர்றாருன்னா சும்மாவா சார்?" என்றான் அவன். அதற்குமேல் திட்டாமல் பெட்டியைத் திறந்தேன்.

பெயிண்ட் இன்னும் காயக்கூட இல்லை. புரோப்பை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. தடவின இடத்தில் ஒரு கோடு தடிப்பாக, ஒரு கோடு மெலிசாக. முள் பேய் பிடித்ததுபோல ஆடியது. அதில் எது வெடிப்பு, எது தூரிகைக் கோடு என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்தேன். என்னிடம் ஒரு மாதிரித் துண்டு உண்டு. ஷாஃப்ட் செய்கிற அதே இரும்பில், வேண்டுமென்றே மெல்லிய கீறல் போட்டது. முதலில் அதன் மேல் புரோப்பை ஓட்டி, கீறல் வந்தால் முள் எவ்வளவு ஏறும் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் ஷாஃப்ட்டைத் தொடுவேன். அந்தக் கீறலின் மேல் டிக்கெட்டை வைத்து மச்சானுக்குக் காட்டினேன்.

"பாரு. வெறும் இரும்புன்னா முள்ளு இவ்ளோ ஏறுது. ஒரு டிக்கெட்டு வச்சா பாதி. ரெண்டு வச்சா அதுலயும் பாதி. நீ அடிச்சிருக்கிற பெயிண்ட்டு ரெண்டு டிக்கெட்டுக்கு மேல இருக்கும்டா. உள்ள கிராக் இருந்தா எனக்கு எப்டித் தெரியும்?"

"அதுக்கு?"

"சுரண்டணும்."

"காலைல அடிச்சது மாமா! பசங்க மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

பசங்களின் மூஞ்சியைப் பார்க்காமல் மண்ணெண்ணெய்த் துணியையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். ஒருத்தனும் உதவிக்கு வரவில்லை. காலையில் அவர்கள் ஆசை ஆசையாக அடித்ததை, வந்த விருந்தாளி மத்தியானம் வரை உட்கார்ந்து சுரண்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? வேர்வை கண்ணில் இறங்கியது. புதுப் பெயிண்டுக்கு அடியில் போன வருஷப் பெயிண்ட், அதற்கு அடியில் அதற்கு முந்தின வருஷப் பெயிண்ட். ஆயுத பூஜைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

இடது ஷாஃப்ட்டில் ஒன்றும் இல்லை. வலது ஷாஃப்ட்டில் தோள் ஓரத்துக்கு வந்தேன். ஓரத்துக்கென்று மரத்தில் ஒரு சின்னச் சட்டம் செய்து வைத்திருந்தேன். புரோப் அதில் பதிந்து, ஓரத்திலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் போகும். அப்படிப் போனால் ஓரத்தின் ஆட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும். அதற்கு மேல் ஆடினால் அது வேறு சமாச்சாரம். ஆட்களை விட்டு டிரம்மை மெதுவாகத் தள்ளச் சொன்னேன். முள் அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்து, ஓரிடத்தில் விறுக்கென்று ஏறி இறங்கியது. மறுபடி தள்ளச் சொன்னேன். அதே இடம். சட்டத்தைத் திருப்பிப் போட்டேன். அதே இடம். புரோப்பைக் கழற்றி மாட்டி, மாதிரித் துண்டில் வைத்துச் சரிபார்த்து மறுபடி வந்தேன். அதே இடம், மச்சானின் தொட்டிக்கு நேர் மேலே.

"கிராக் இருக்குது" என்றேன்.

மச்சான் குனிந்து பார்த்தான். எச்சில் தொட்டுத் துடைத்தான். நகத்தை வைத்து இழுத்தான். நகம் எங்கேயும் மாட்டவில்லை. நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது இரும்பு.

"எங்க மாமா? ஒண்ணுமே இல்லியே."

"கண்ணுக்குத் தெரியாதுடா. முள்ளு ஆடுது, பாரு."

"உங்க முள்ளு காலைலருந்து எல்லாத்துக்கும்தான் ஆடிச்சு. பெயிண்ட்டுக்கு ஆடிச்சு, ஓரத்துக்கு ஆடிச்சு, டிக்கெட்டுக்கு ஆடிச்சு. நான் தும்மினாக்கூட ஆடிச்சு. அதெல்லாம் சும்மா, இப்போ ஆடுறது மட்டும் கிராக்கா?"

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிச் சுண்ணாம்புக் குழியில் போட்டுவிடலாம் போல இருந்தது. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, புத்தகம் புத்தகமாக இருந்தது. ஆனால் அவன் கையில் வைத்து "இந்தா, பாரு" என்று காட்டுகிற மாதிரி ஒன்றுமே இல்லை.

டேனரி முதலாளி வந்தார். வயதானவர், நிதானமானவர். என்னையும் கேட்டார், அவனையும் கேட்டார். "சந்தேகம்னு வந்துட்டா அத வச்சிக்கிட்டு பேஜார் படக் கூடாது. மாத்திடுங்க" என்றார். அவ்வளவுதான், மச்சானுக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரி ஆகி முதல் தடவையாக அவன் டிரம் நிற்கிறது, நிறுத்தியது சொந்த அக்கா புருஷன். "கண்ணுக்குத் தெரியாத கிராக்குக்கு ஓடுற டிரம்ம நிறுத்துவீங்க, நாங்க வாயப் பாத்துக்கினு இருக்கணுமா?" என்று முதலாளியிடமே எகிறினான். அவர் இவனைப் பார்த்தார். இவன் தோளிலிருந்த துண்டை உதறினான். "எனக்கு இந்த வேலையே வேணாம்" என்று நடையைக் கட்டினான். என்னைத் தாண்டிப் போகும்போது மாமா என்றுகூடச் சொல்லவில்லை.

ஷாஃப்ட்டைக் கழற்றிக் கீழே போட்டதும், வெடிப்பின் இரண்டு முனையிலும் பஞ்ச் வைத்து ஆழமாக ஒவ்வொரு புள்ளி அடித்தேன். நடுவில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். "இத கேஸ் கட்டர் வச்சு ரெண்டா வெட்டிடுங்க. முழுசா எங்கயும் போகக் கூடாது" என்று ஆபீஸ்காரரிடம் சொன்னேன். "ஆகட்டும் சார், வெட்டிடறோம்" என்றார். திரும்ப ஒரு தடவை போய்ச் சொன்னபோதும் ஆகட்டும் என்றார்.

அதன் பிறகு வீட்டில் நான் பட்ட பாடு! என் மனைவி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சோறு போடும்போது மட்டும், யாரிடமோ சொல்வதுபோல, "ஒரு முள்ளு ஆடிச்சுன்னு எந் தம்பி பொழப்புல மண்ணப் போட்டாச்சு" என்பாள். தீபாவளிக்கு அவன் வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. வாணியம்பாடிப் பக்கம் ஏதோ ஒரு சின்ன டேனரியில் சேர்ந்திருக்கிறான் என்று யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

என் தொழிலின் சாபக்கேடே அதுதான். டாக்டர் சொன்னது சரியென்றால் நோயாளி எழுந்து நடப்பான், எல்லோரும் கும்பிடுவார்கள். நான் சொன்னது சரியென்றால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததைப் பார்த்து யார் நம்புவார்கள்? ஆம்பூரில் அந்த டிரம் புது ஷாஃப்ட்டோடு ஓடியது. "பழசே ஓடிட்டுதான் இருந்துச்சு, இவருதான் வந்து புடுங்கிட்டாரு" என்று பேசிக்கொண்டார்களாம். என் காதுக்கே வந்தது. எனக்கே சில நாள் சந்தேகம் வரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கை நிற்கும். உண்மையிலேயே வெடிப்பா, இல்லை அந்த ஓரத்தில் வேறு ஏதாவதா? வெட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெட்டினார்களா என்றும் தெரியாது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை கழிந்த வாரம், வாணியம்பாடியைத் தாண்டி ஒரு சின்ன டேனரியில் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது, அளவெடுத்து வா என்று பட்டறையில் அனுப்பினார்கள். அங்கிருந்து ஆலங்காயத்துப் பக்கம் இன்னொரு வேலை இருந்ததால் பெட்டியும் கூடவே வந்தது. ஒரே கொட்டகை, ஒரே டிரம். டிரம் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரத்தொட்டி. அதன் மேல் மச்சான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்க" என்றான். மாமா இல்லை. நான் அளவெடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். "அக்கா உன்னக் கேட்டுது" என்றேன். "ம்" என்றான். டிரம்மை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினான்.

பல்சக்கரம் இடது பக்கம். அளவெடுத்து முடித்து, டிரம்மைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன். வலது ஷாஃப்ட்டில் புது வெள்ளிப் பெயிண்ட். அதன் மேல் சந்தனம், குங்குமம், வாடிப்போன சாமந்திச் சரம். வழக்கமாக எங்கே போனாலும் நான் ஷாஃப்ட்டின் தோளைத் தடவிப் பார்ப்பேன். கை தானாகப் போகும். போயிற்று. பெயிண்டுக்கு அடியில் விரலில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. விரலை நகர்த்தினேன். இன்னொரு பள்ளம்.

நான் அடித்த புள்ளிகள்.

"டேய், இந்த ஷாஃப்ட்டு ஏது?"

அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "அதேதான். காயலாங்கடையில கெடந்துச்சு. இங்க ஷாஃப்ட்டு தேஞ்சு போயிருந்துச்சு. நல்ல சாமான் வீணாப் போவுதேன்னு நான்தான் முதலாளிகிட்ட சொல்லி வாங்க வச்சேன். உங்க செவப்பு மார்க்க நான்தான் தின்னர் போட்டுத் தொடச்சேன். ஆறு மாசமா ஓடுது. ஒடஞ்சுதா?"

பெட்டியைத் திறந்தேன், மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். "பூஜ போட்டத சுரண்டாதீங்க" என்று கையைப் பிடித்தான். உதறினேன். தோள் ஓரத்தை மட்டும் வெறும் இரும்பாகச் சுரண்டி, சட்டத்தை வைத்து, புரோப்பை ஓட்டினேன். போன வருஷம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஏறி இறங்கிய முள், இப்போது முதல் புள்ளி வருவதற்கு முன்னாலேயே ஏறியது. இரண்டாவது புள்ளியைத் தாண்டியும் இறங்கவில்லை. இரண்டு விரல் அகலம் தள்ளிப் போய்த்தான் இறங்கியது. ஏறிய ஏற்றத்தில் முள் மீட்டரின் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"வளந்திருக்குதுடா" என்றேன். "இந்தப் புள்ளியிலருந்து இந்தப் புள்ளி வரைக்கும்தான் இருந்துச்சு. இப்போ பாரு, இங்க வரைக்கும் வந்துடுச்சு."

"மறுபடியும் முள்ளா?" என்று சிரித்தான். கூட இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னொரு வேலையும் போவணும், அவ்ளோதானே உங்களுக்கு?"

அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் போய்விட்டது. ஒரு வருஷமாக அடக்கி வைத்தது அத்தனையும் தலைக்கு ஏறியது. புரோப்பை வீசி எறிந்தேன். மீட்டரை மூடினேன். நேராகப் போய் அவனுடைய தொட்டியின் மேல் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஷாஃப்ட்.

"டிரம்முல தோல் இருக்குதா?"

"காலைல போட்டது. ஃபுல் லோடு."

"சரி. போடு சுவிட்ச்ச."

"இன்னா?"

"சுவிட்ச்சப் போடுறான்னா! ஷாஃப்ட்டுல ஒண்ணும் இல்ல, நான் சொல்றது பொய்யி. அவ்ளோதானே? நான் இங்கியே உக்காந்திருக்கேன். மத்தியானம் நீ தூங்குற எடம்தானே? நானும் தூங்கறேன். போடு!"

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பொத்தானில் விரலை வைத்தான். என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தேன். கோபத்தில்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இப்போது எழுந்தால் அவன் நாளைக்கு இங்கே உட்காருவான்.

"போடுடா!" என்று கத்தினேன்.

விரல் பொத்தானிலேயே இருந்தது. அமுக்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் யாரோ ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

"எந்திரிங்க மாமா" என்றான்.

"ஏன்? ஆறு மாசமா ஓடுது, ஒடஞ்சுதா?"

"எந்திரிங்கன்னு சொல்றேன் இல்ல!" என்று அலறினான். பொத்தானிலிருந்து கையை எடுத்து, மெயின் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் எறிந்தான். ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அதன் பிறகுதான் எழுந்தேன்.

டிரம்மைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, ஷாஃப்ட்டைக் கழற்றச் சாயங்காலம் ஆயிற்று. இந்தத் தடவை நான் யாரையும் நம்புவதாக இல்லை. ஷாஃப்ட்டின் தோளுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கச் சொன்னேன். மச்சானே சம்மட்டியை வாங்கிக்கொண்டான். அத்தனை தடிமன் இரும்பு, ஒரே அடியில் இரண்டானது. உடைந்த முகத்தில் முக்கால்வாசிக்கு மேல் கறுத்து, எண்ணெய் ஊறி, பழைய காயமாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் புது இரும்பு வெள்ளையாக மின்னியது. அந்தக் கொஞ்சம்தான் டிரம்மைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் அந்த மின்னுகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். விரலை எடுக்கவே இல்லை.

"ஏன்டா பொத்தான அமுக்கல?" என்றேன். "அப்பகூட நீ என்ன நம்பலியே."

"நம்பலதான். இப்போ பாத்தப்புறம்தான் நம்பறேன்."

"அப்புறம் ஏன்?"

"நான் அங்க உக்காந்தப்பல்லாம் எனக்கு ஒண்ணுமே தோணல மாமா. நீங்க போய் உக்காந்தீங்க பாருங்க, அக்கா மூஞ்சி வந்துடுச்சு."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. ஆறு மாசம் அதன் அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறான், மடப்பயல். இரண்டும் செய்யவில்லை. வேலூர் பஸ்ஸில் அவனையும் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் மனைவி அவனைப் பார்த்து அழுதாள். ஷாஃப்ட்டைப் பற்றி இரண்டு பேரும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

புது ஷாஃப்ட்டை எங்கள் பட்டறையிலேயே செய்தோம். மாட்டி முடித்த மறுநாள், ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று பெட்டியோடு போனேன். உள்ளே நுழைந்ததுமே கண் கூசியது. பல்சக்கரம், பேரிங், ஷாஃப்ட் எல்லாம் வெள்ளிப் பெயிண்ட். தொட்டியும் அதே இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! இவனுக்கு எத்தனை தடவை சொல்வது, எதை உடைத்துக் காட்டுவது? திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கிட்டே போனேன்.

தோள் ஓரத்தில் மட்டும், சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் இல்லை. கயிறு கட்டிக் கோடு பிடித்த மாதிரி விட்டிருந்தான். வெறும் இரும்பு, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவியிருந்தது.

"அது உங்களுக்கு மாமா" என்றான் மச்சான்.